வைரஸ் மரத்தில் இல்லாத குளிசை

சித்தி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மற்றக் கையை விரித்து ஒரு குளிசையை நீட்டினார். பாதி சாம்பல், பாதி வெளிர் மஞ்சள்.

"இதையும் போட்டுக்கொண்டு போ பிள்ளை. நெடுக ஆஸ்பத்திரிக்குப் போய் வாறாய். உனக்கும் தொத்திப்போடும்."

வாங்கினேன். அதன் மேல் அச்சிட்டிருந்ததைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. சளிக்காய்ச்சல் வைரஸ்கள் இந்த மருந்துக்கு எப்படி அடங்காமல் போகின்றன என்பதுதான் நான் படிக்கும் படிப்பு. சித்தப்பா வைத்தியசாலையில் இன்னும் கிடப்பதும் இந்த மருந்து அவரில் வேலை செய்யாமல் போனதால்தான். அது ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் குசினியில், சித்தியின் உள்ளங்கையில் எப்படி வந்தது?

"உது எங்காலை சித்தி?"

"வீட்டிலை கிடந்தது."

"சித்தப்பாவும் போட்டவரோ?"

"பின்னை? காய்ச்சல் தொடங்கின உடனை குடுத்தனான். காலமையிலை ஒண்டு."

"ஆஸ்பத்திரிக்குப் போக முதலோ?"

"ஓம், போக முதல்தான். பேந்து அவங்களே குடுக்கத் தொடங்கிட்டாங்கள்தானே. தேத்தண்ணி ஆறுது, குடி."

குளிசையை மேசையில் வைத்தேன். அந்த நேரத்தில்தான் அந்த எண்ணம் வந்தது. ஆய்வுகூடத்தில் நாங்கள் வைரஸ்களுக்கு ஒரு வம்சமரம் வரைகிறோம். எந்த வைரஸ் எதிலிருந்து பிறந்தது என்று காட்டும் மரம். அதன் ஒவ்வொரு நுனியிலும் ஒரு நோயாளியின் மாதிரி தொங்கும். எந்தத் திகதியில் எடுத்தது, எந்தப் பகுதியில் எடுத்தது, எல்லாம் இருக்கும். அந்த மனிதர் மாதிரி எடுக்க மூக்கைக் காட்ட முன்னர் வீட்டில் எதை விழுங்கினார் என்பது இருக்காது. கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்தக் குளிசை எங்கள் மரத்தில் இல்லை. அப்படியென்றால் அந்த மரத்தைப் பார்த்து நாங்கள் சொன்னவற்றில் எவ்வளவு சரி?

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது பன்றிக்காய்ச்சல் என்று ஒன்று வந்து உலகத்தையே சுற்றியது. பள்ளிக்கூடத்தில் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லித் தந்தது மட்டும் ஞாபகம். அந்த வைரஸ் போய்விடவில்லை. அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்றும் குளிர்காலத்தில் ஸ்காபரோ பஸ்களில் இருமிக்கொண்டு திரிகின்றன. அவற்றின் மரபுச் சங்கிலியை எழுத்தெழுத்தாகப் படித்து, எது எங்கே எப்போது மாறியது என்று பார்ப்பது என் முதுகலைப் படிப்பு. இரண்டு பேரின் வைரஸ்கள் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒன்றாய் இருந்தால், அவர்கள் ஒரே லிப்றில் மாடி ஏறியிருக்கலாம். நான்கைந்து எழுத்துகள் வேறுபட்டால் நடுவில் வேறு ஆட்கள் இருந்திருப்பார்கள். இதை முதல் நாள் கேட்டபோதே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டில் சோற்றுக்கு முன் இருத்தினாலும் இதைத்தான் கதைப்பேன். சித்தப்பா மட்டும் பொறுமையாகக் கேட்பார். "அப்ப உன்ரை வைரஸுக்குச் சாதகமும் பாக்கலாம்" என்பார்.

இந்த வைரஸிடம் கத்தரிக்கோல் போல வேலை செய்யும் ஒரு புரதம் உண்டு. பெருகி முடித்த உடற்கலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்காமல், தன்னை வெட்டி விடுவித்துக்கொண்டு அடுத்த கலத்துக்குப் போவதற்கு அது வேண்டும். சாம்பல் மஞ்சள் குளிசை அந்தக் கத்தரிக்கோலின் வாய்க்குள் போய் இறுகிக்கொள்ளும். ஆனால் அந்தப் புரதத்தின் 275ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால், குளிசைக்கு அங்கே பிடி கிடைக்காது. அது மாறுவதற்குச் சங்கிலியில் ஓர் எழுத்து மாறினால் போதும். 'சி' (C) இருந்த இடத்தில் 'ரி' (T). என்னோடு படிப்பவர்களுக்கு 275 என்பது ஊர்ச் சண்டியனின் பெயர் போல.

சித்தப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சில வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, சித்தி தன்னுடைய ஒன்றைக் கொடுத்தார். உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் மருந்து எடுக்கிறார். அந்த மருந்து நோயெதிர்ப்பை அடக்கிவைத்திருக்கும். எங்களுக்கு ஒரு கிழமையில் விட்டுப்போகும் காய்ச்சல் அவரோடு வாரக்கணக்கில் குடியிருக்கும். அதனால் சித்தி அவரைக் கண்ணாடிப் பாத்திரம் போல் வைத்திருந்தார். அவர் உப்புக் கூடின மிக்சரில் கைவைத்தால், "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. என்ரை கிட்னியைத் திருப்பித் தந்திட்டுச் சாப்பிடுங்கோ" என்பார்.

கடந்த குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். முதல் நாளே மூக்கில் மாதிரி எடுத்து, சளிக்காய்ச்சல்தான் என்று கண்டு, மருந்தும் தொடங்கினார்கள். குறையவில்லை. மருந்து போய்க்கொண்டிருக்க அவருக்குக் கொடுக்க வேண்டிய ஒட்சிசனின் அளவும் கூடிக்கொண்டு போனது. இரண்டாவது முறை மாதிரி எடுத்து, முதலில் எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்து எழுத்துப் படிக்க அனுப்பினார்கள். அனுப்பிய இடம் எங்கள் ஆய்வுகூடம்.

மாதிரிகளில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். இருந்தாலும் அவற்றில் சித்தப்பாவினதும் இருக்கும் என்று நான் போய் என் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் அந்த வாரத்து மாதிரிகள் எல்லாவற்றிலிருந்தும் என்னை விலக்கினார். "எது உன் வீட்டுடையது என்று தேடாதே. முடிவை வைத்தியர் சொல்லும்போது மற்றக் குடும்பங்களைப் போலக் கேள்" என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து மேசையில் கணினி ஓடிக்கொண்டிருக்க, நான் பழைய குழாய்களுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

வைத்தியர் எங்கள் மூவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். சித்தி, சித்தியின் மகன், நான். தம்பி இங்கே பிறந்தவன். கல்லூரி முதல் வருடம். வைத்தியர் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, ஒன்றின்மேல் 'சி' என்றும் மற்றதன்மேல் 'ரி' என்றும் எழுதினார். அவர் வாய் திறக்க முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. திரையில் எத்தனையோ தரம் பார்த்த எழுத்து. அது என் சித்தப்பாவை மூச்சு வாங்க வைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"வந்தபோது இருந்த வைரஸ் மருந்துக்கு அடங்கக்கூடியது. இப்போது இருப்பது அடங்காது. இரண்டும் ஒரே வைரஸ்தான், இந்த ஓர் எழுத்தைத் தவிர. அவருக்குள்ளேயே மாறியிருக்கிறது" என்றார் வைத்தியர்.

சித்தி என்னிடம் மெல்லமாகக் கேட்டார். "உவன் பார்ட்டி பார்ட்டியெண்டு திரிஞ்சு கொண்டுவந்ததோ எண்டு கேள்."

"அம்மா, ஐ ஆம் ரைற் ஹியர்" என்றான் தம்பி.

நான் மொழிபெயர்த்தேன். வைத்தியர் தலையசைத்து மறுத்தார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் வைரஸ் கனகாலம் தங்கும், மருந்தை முழுதாகக் கொடுத்தாலும் சிலரில் இப்படி மாறிவிடும், இதில் யாருடைய பிழையும் இல்லை என்றார். அந்த மாற்றம் தடுக்க முடியாத வேறொரு மருந்து இருக்கிறதாம். நாளத்தில் ஏற்றுவது. தனி அனுமதி எடுத்து வரவழைக்க வேண்டும். அது வந்து ஏறத் தொடங்கிய மறுநாள், சித்தப்பாவுக்கு மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போன நேரத்தில்தான் சித்தி எனக்குத் தேத்தண்ணியோடு குளிசை நீட்டினார்.

அவருக்குள்ளேயே மாறியது என்று வைத்தியர் சொன்னது, முதல் மாதிரி மருந்து படாத மாதிரி என்ற நம்பிக்கையில். அது மருந்து பட்ட மாதிரி. அதுவும் நாளுக்கு இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்றாய், அரைகுறையாகப் பட்டது. வைரஸைக் கொல்லப் போதாமல், அதற்கு வழி காட்டிவிடப் போதுமான அளவு.

தம்பி அறையிலிருந்து வந்து குளிசையைப் பார்த்தான். அவனுக்கும் ஏற்கனவே ஒன்று கிடைத்திருந்தது.

"அம்மா, நேர்ஸ் கேட்டவ. ஏதும் மருந்து எடுத்தவரோ எண்டு. நான் உங்களிட்டைக் கேட்டு ட்ரான்ஸ்லேட் பண்ணினனான். நீங்கள் நோ எண்டனீங்கள்."

"ஓம், இல்லையெண்டுதான் சொன்னனான். எதிர்வீட்டு அன்ரியின்ரை பேரிலை எழுதின குளிசை. ஓமெண்டால் ஆர் தந்தது எண்டு கேப்பாங்கள். அவவின்ரை இன்சூரன்சிலை கைவைச்சால் ஆர் பதில் சொல்லுறது?"

"ஆருமே அப்பிடிக் கேக்க மாட்டினம்."

"உனக்கு என்ன தெரியும்? இல்லையெண்டால் அடுத்த கேள்வி வராது. ஓமெண்டால் பத்துக் கேள்வி வரும்."

நான் இதைச் சித்தியின் வாயால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஊரில் யுத்த காலத்துச் சோதனைச்சாவடிகளில் கற்றுக்கொண்டது. இங்கே வந்து அகதி விசாரணையில் இருந்தபோதும் உதவியது. எங்கள் வீடுகளில் அதிகாரி மாதிரி யாராவது ஒரு தாளோடு முன்னால் வந்து நின்றால், பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான். கேட்டதற்குச் சுருக்கமாக, மற்றவனை மாட்டிவிடாமல் பதில். அந்தத் தாதியின் கையிலும் ஒரு தாள் இருந்திருக்கிறது.

சித்தப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்க முந்தின கிழமை எதிர்வீட்டு அன்ரிக்குக் காய்ச்சல். அவருடைய வைத்தியர் இந்தக் குளிசையை எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டதும் அன்ரி பாதியில் நிறுத்தி, மிச்சத்தைச் சித்தியிடம் கொடுத்திருக்கிறார். "உங்கடை மனுசன் ஏலாத ஆள், வைச்சிருங்கோ, உதவும்." மருந்துக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடித்தனம் நடத்திய இருவர். மிச்சக் குளிசையை எறிவது அவர்களுக்குச் சோற்றைக் கொட்டுவது போல.

"அன்ரி அப்ப இருமினவவோ, சித்தி?"

"கொஞ்சம் இருமினவதான். இருந்து கதைச்சிட்டுத்தான் போனவ. கஞ்சியும் கொண்டு வந்தவ, பாவம்."

ஒரு கையில் வைரஸ், மறு கையில் மருந்து. இரண்டும் ஒரே கதவால் வந்திருக்கலாம். அன்ரியின் மூக்கில் யாரும் மாதிரி எடுக்கவில்லை, அதனால் எங்கள் மரத்தில் அவரும் இல்லை. நான் இதையெல்லாம் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டு போனேன். எனக்கு ஒன்று பிடிபட்டால் வாய் நிற்காது. தம்பி என் காலை மேசைக்குக் கீழே உதைத்தான். அப்போதுதான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப நான் குடுத்ததாலையோ" என்றார்.

"அப்பிடிச் சொல்லேலாது சித்தி."

"சொல்லேலாதோ, இல்லையோ?"

சித்தி கதிரையில் அமர்ந்து, வயிற்றின் இடப்பக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டார். தழும்பு அங்கேதான் இருக்கிறது.

வைத்தியரிடம் சொல்லத்தான் வேண்டும் என்றேன். சித்தி மாட்டேன் என்றார். அன்ரிக்காக மட்டும் இல்லை. "ஒழுங்காய் மருந்து குடுக்கத் தெரியாத குடும்பம் எண்டு எழுதிப்போட்டால்? நாளைக்கு இந்தக் கிட்னியும் போச்செண்டால் அவரை லிஸ்ற்றிலை எடுப்பாங்களோ? எனக்குக் குடுக்க இனி ஒண்டும் இல்லைப் பிள்ளை."

அது மூடத்தனமான பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் சேர்க்க முன்னர், மருந்தை ஒழுங்காக எடுப்பார்களா என்று பார்ப்பது உண்மைதான். நான் தெரிந்ததை மட்டும் சொன்னேன். வைரஸ் எப்போது மாறத் தொடங்கியது என்று தெரியாமல் வைத்தியர் இருட்டில் நின்று மருந்து கொடுக்கிறார். புது மருந்தை எவ்வளவு காலம் கொடுப்பது, எதைப் பார்த்து நிறுத்துவது என்பதெல்லாம் பழைய கணக்கில் போகிறது.

மறுநாள் மத்தியானம் சித்தி தானாகவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பஸ்ஸில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் மொழிபெயர்க்கிறேன் என்றதற்கு, "நீ சொன்னால் அது உன்ரை கதை" என்றார்.

வைத்தியர் கதவைச் சாத்தியதும் சித்தி எழுந்து நின்றுதான் சொன்னார். நான் கொடுத்தேன், இங்கே வர முன்னர், இன்னொருவருடையது. நினைத்துவந்த வசனங்கள் எல்லாம் போய், மூன்று துண்டாக வந்தது. வைத்தியரின் முகம் மாறியது. அவர் ஆளைத் திட்டுகிறவர் இல்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்தது அதிர்ச்சிதான். எத்தனை குளிசை, எப்போது, வீட்டில் வேறு யார் எடுத்தது என்று கேட்டார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. சித்தி அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டே நின்றார்.

"லிஸ்ற்றைக் கேள்" என்று என் முழங்கையைத் தட்டினார்.

கேட்டேன். இதற்காக யாரையும் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டுவதில்லை, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வேண்டும் என்றார் வைத்தியர். சித்திக்கு அது அரை ஆறுதல். பிறகு வைத்தியர் என் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் நாங்கள் ஆரம்பம் என்று நினைத்தது ஆரம்பம் இல்லை. முதல் மாதிரியை இன்னும் ஆழமாகப் படிக்கச் சொல்ல வேண்டும்."

ஒரு மாதிரியில் ஒரு வைரஸ் இருப்பதில்லை. கோடிக்கணக்கில் பிரதிகள் இருக்கும். ஆய்வுகூடம் வழக்கமாகச் சொல்வது பெரும்பான்மை எழுத்தைத்தான். ஒரு மண்டபத்தில் அநேகமாக எல்லாரும் வேட்டியோடு இருந்தால், எல்லாரும் வேட்டி என்று எழுதிவிடுவது போல. மூலையில் நிற்கும் இரண்டு ஜீன்சை யாரும் எண்ணுவதில்லை. அந்த மூலையைத் தேடச் சொன்னார்கள். தேடியது என் சக மாணவி. நான் அந்த அறைக்குள் போகவில்லை.

முடிவையும் வைத்தியர்தான் சொன்னார். முதல் மாதிரியிலேயே, 'சி'களின் கூட்டத்துக்கு நடுவே, கொஞ்ச 'ரி'கள் இருந்தன.

சித்தி உடனே கேட்டார். "அப்ப ஆராலை? என்னாலையோ, அவவாலையோ?"

அது அன்ரியிடம் பாதி மருந்தில் பிறந்து, இருமலோடு வந்திருக்கலாம். சித்தி கொடுத்த குளிசைகளுக்கு நடுவே சித்தப்பாவுக்குள் பிறந்திருக்கலாம். எந்தக் குளிசையும் இல்லாமல் தற்செயலாக வந்து, பிறகு மருந்துக்கு நடுவே பெருகியிருக்கலாம். முதல் குளிசைக்கு முன்னால் எடுத்த மாதிரி ஒன்று இருந்தால்தான் பிரிக்க முடியும். அது உலகத்தில் இல்லை. நான் அதைச் சொன்னேன். எங்கள் துறை இவ்வளவு பார்க்கிறது, இதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லும்போது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

சித்தப்பாவின் காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒட்சிசன் குழாய் கழன்ற பின்தான் சித்தி அவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரை என்று நினைத்தோம்.

"கிட்னியும் நீ தந்தது, குளிசையும் நீ தந்தது" என்றார் கடைசியில். "வைரஸையாவது எதிர்வீட்டிலை வாங்கினனே எண்டு சந்தோசப்படு."

"பகிடி விடுற நேரத்தைப் பார்" என்று சித்தி போர்வையை இழுத்துவிட்டார். பிறகு வெளியே போய், நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதார். சித்தப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது. எவ்வளவு என்பது இனித்தான் தெரியும்.

அந்த எண்ணம் என்னை விடவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், மரத்தின் நுனிகளில் குளிசைகளையும் வரைய வேண்டும் என்றேன். யாருடைய குளிசை, எத்தனை, மூக்கைக் காட்ட முன்னரா பின்னரா. அவர், "உண்மையை யார் உனக்குச் சொல்லப்போகிறார்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் ஒரு தாளோடு போனால் யாரும் சொல்லமாட்டார்கள். சித்தியின் மாடியில் ஓர் ஒத்திகை பார்த்தேன். மூன்று கதவு தட்டினேன். ஒரு கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. உள்ளேயிருந்து ஓர் அங்கிள், "நாங்கள் ஒண்டும் வாங்கிறேல்லை" என்று சாத்தினார். இதைச் சொன்னபோது சித்தப்பா இருமும் வரைக்கும் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"தாளை வீட்டிலை வைச்சிட்டு வா" என்றார். "நான் முன்னுக்குப் போறன். முதல் என்ரை கதையைச் சொல்லுவன். பேந்து சனம் தங்கடையைச் சொல்லும்."

"எதிர்வீட்டு அன்ரி?"

அன்ரிக்கு இன்னும் எதுவும் தெரியாது. சித்தப்பா திரும்பி வந்த நாளில் கஞ்சி கொண்டு வந்தவரும் அவர்தான்.

"அவவிட்டைத்தான் முதல் போகவேணும்" என்றார் சித்தி.

ஆய்வு நெறிக் குழுவின் அனுமதிக்குக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால், வரும் இலையுதிர் காலத்தில் குளிர் இறுகுவதற்கு முன், அந்தக் கட்டடத்தில் விரும்பும் வீடுகளுக்கு மூக்கில் மாதிரி எடுக்கும் குச்சிகளைக் கொடுத்து வைப்போம். காய்ச்சல் கண்டால், எந்தக் குளிசையும் வாயில் போட முதல், ஒரு மாதிரியை எடுத்து மூடி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த வேண்டுகோளை நான் எழுதியபோது ஒரு பக்கம் வந்தது. சித்தி வாசித்து, இரண்டு வரியாக வெட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அந்த இரண்டு வரியை முதல் தரம் சொல்லிப் பார்க்கப் போகிறோம்.